டப்பா காலியாகத்தான் வருகிறது

ஒன்பது மாதமாகியும் பிள்ளை ஆறரைக் கிலோவைத் தாண்டவில்லை. தராசில் கிடந்து சிரித்தது மட்டும்தான் மிச்சம்.

"என்னம்மா குடுக்கறே?" என்றாள் நர்ஸ்.

"பருப்பும் உருளைக்கிழங்கும் கெட்டியா மசிச்சு, எண்ணெய் விட்டு, புள்ளயப் பாத்துக்கற அக்காகிட்ட தினமும் ஒரு டப்பா குடுத்துட்டுப் போறேன். காலியாத்தான் வருது."

"அப்ப எடை எங்க போச்சு? காக்கா தூக்கிட்டுப் போச்சா?"

பிள்ளையின் தாய், சலவைக் கம்பெனியில் விடுதி விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். பிள்ளையை ஒரு கை வாங்கிக்கொள்ள வீட்டில் வேறு ஆளில்லை. எதிர்க்கட்டிடத்தில் பிள்ளை பார்க்கும் அக்காவிடம் விட்டுவிட்டுப் போவாள். எடை பார்த்த மறுநாளும் அப்படித்தான் போனாள். கொதிகலன் பழுதாகி, மதியமே அனுப்பிவிட்டார்கள்.

வாசலில் வந்து நின்றபோது, அக்கா டப்பாவிலிருந்ததைச் செம்புத் தண்ணீரில் கரைத்துப் பாட்டிலில் ஊற்றிக்கொண்டிருந்தாள். பாட்டில் ரப்பரின் துளையைக் கத்தரியால் பெரிதாக்கியிருந்தாள். பிள்ளை மடமடவென்று குடித்து முடித்தது.

"என்னக்கா இது?"

"உன் மக ஒரு வாயை அரைமணி நேரம் உருட்டுவா. எனக்கு இருக்கறது ரெண்டு கை, இங்க ஆறு வாய். பட்டினியா போட்டேன்?"

"தண்ணில வயிறுதான்க்கா ரொம்பும். உடம்பு ஏறாது."

"அப்ப மகாராணியாட்டம் வீட்ல உக்காந்து நீயே ஊட்டு."

அக்காவைக் கொடுமைக்காரி என்று சொல்லிவிட முடியாது. எந்தக் குழந்தையும் அங்கே ஈரத்துணியோடு கிடந்ததில்லை. அக்கம்பக்கத்தில் விசாரித்தால், நடக்கத் தெரியாத குழந்தையை யாரும் எடுப்பதாக இல்லை.

பிள்ளைக்கு ஊட்டிவிட்டு வர, மேஸ்திரியிடம் மதியம் ஒரு மணி நேரம் கேட்டாள்.

"உனக்கு விட்டா, நாளைக்கு இங்க பாதிப் பேருக்குப் புள்ள பொறந்துடும்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

வேலை முடிந்து வந்து தானே கெட்டியாக ஊட்டிப் பார்த்தாள். குடித்தே பழகிய நாக்கு, வைத்ததையெல்லாம் வெளியே தள்ளியது. மெல்லும் பழக்கம் வர வேண்டிய மாதங்கள் பாட்டிலோடு போய்விட்டன. இனிப் பொறுமையாகப் பகலெல்லாம் பழக்க வேண்டும். பகலோ அவள் கையில் இல்லை.

மறுநாள் காலை டப்பாவோடு ஒரு புட்டிப் பாலையும் நீட்டினாள்.

"எப்படியும் கரைக்கத்தான் போறீங்க. இதுலயாவது கரைங்க."

"சரி, வச்சுட்டுப் போ."

பாயில் உட்கார்ந்திருந்த மற்ற ஐந்தும் புட்டியையே பார்த்துக்கொண்டிருந்தன. அவை பார்ப்பதை அவளும் பார்த்தாள். பிள்ளையை அக்காவின் இடுப்புக்கு மாற்றிவிட்டு, வேலைக்கு நடந்தாள்.