அக்காவுக்கு விழுந்த பேர்

பதுளை ஆஸ்பத்திரியில் அக்காவின் கட்டில் ஜன்னலோரம் இருந்தது. மூன்றாவது தடவையாக அவளைச் சேர்த்திருந்த வாரம் அது. நான் வேலை செய்யும் புடவைக் கடையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பிளாஸ்கில் கஞ்சி ஊற்றிக்கொண்டு போயிருந்தேன். இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. வாயைத் துடைத்துவிட்டேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஏன்டி, அங்க எனக்கு அரைப் பேருதான் விழுமோ?"

நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டே சிரித்தேன். பக்கத்துக் கட்டில் அம்மாகூடத் திரும்பிப் பார்த்தார். அக்கா என் கையை விட்டுவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அந்தச் சிரிப்புக்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

தேயிலைத் தோட்டத்தில் வளராதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். எங்கள் நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு நாள் வேலையை 'ஒரு பேர்' என்றுதான் சொல்வார்கள். காலையில் பேர் கூப்பிட்டு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் போய் நின்று, கங்காணி காட்டிய மலைக்கு ஏறி, கொழுந்து எடுத்து, மாலையில் கணக்கப்பிள்ளை நிறுக்கும்போது குறித்த கிலோ வந்தால் உனக்கு முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். காய்ச்சலில் எடுத்தாயா, மழையில் எடுத்தாயா, அட்டை கடித்துக் காலெல்லாம் ரத்தமா என்று தராசு கேட்காது. ஒரு நாள் முழுவதும் மலையில் நின்றவள், சாயங்காலம் பாதி ஆளாக வீட்டுக்கு வருவாள். அரைப் பேர் விழுந்த நாளில், நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளில் எந்தப் பொம்பளையும் வாசலில் நின்று கதை பேச மாட்டாள்.

அக்கா இருபத்தெட்டு வருஷம் அந்தத் தராசுக்கு முன்னால் நின்றவள். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். அம்மா போன பிறகு எனக்குத் தலை சீவிவிட்டதும், சோறு போட்டதும், முதுகில் இரண்டு வைத்ததும் அவள்தான். கல்யாணம் ஆகிப் பிள்ளை இல்லை. அத்தானும் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். அதன் பிறகுதான் லயத்தில் அடுத்த அறையில், அடுத்த காம்பராவில், இருக்கும் மதினி அவளை ஜெப வீட்டுக்குக் கூட்டிப் போனாள். லயத்துக் கோடியில் தகரம் போட்ட ஒரு கூடம், பத்துப் பதினைந்து நாற்காலி, ஒரு டோலக். அவ்வளவுதான் அந்த ஜெப வீடு.

எனக்கு அது பிடிக்கவில்லை. மாரியம்மன் திருவிழாவில் தீச்சட்டி எடுத்த குடும்பம் நாங்கள். பதுளையிலிருந்து பஸ் ஏறிப் போய் அக்காவிடம் சண்டை போட்டேன். "அரிசி பருப்பு குடுக்குறாங்கன்னா போற?" என்று கேட்டேன். எனக்குக் கோபம் வந்தால் நாக்கில் எலும்பு இருக்காது. அவள் தேத்தண்ணி ஊற்றி வைத்தாள். குடிக்காமல் வந்தேன்.

போன வருஷம் ஆற்றில் முழுகி ஞானஸ்நானம் எடுத்தாள். இரண்டே மாதத்தில் மார்பில் கட்டி என்றார்கள். "இதான் ஒங்க சாமி குடுத்த பரிசா?" என்று அதற்கும் கேட்டேன். அன்றைக்கும் தேத்தண்ணிதான். ஆனால் அன்றைக்கு ஊற்றும்போது பாதி கீழே சிந்தியது. நான் குடித்தேன்.

அரைப் பேர் என்ற அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று மதினியிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஸ்டர், பரலோகத்தில் ஜீவ புத்தகம் என்று ஒன்று இருப்பதாகவும், அதில் பேர் இருக்கிறவர்களுக்குப் பயம் இல்லை என்றும் சொல்லி, "ஒங்க பேரு அதுல விழுந்துருச்சா?" என்று கேட்டிருக்கிறார். பாஸ்டர் ஹாலிஎல டவுன்காரர், நல்ல மனுஷன், மோட்டார் பைக்கில் வந்து போகிறவர். அவர் ஒரு பேரைச் சொன்னார், அக்கா வேறு பேரைக் கேட்டிருக்கிறாள். அவளுக்குத் தெரிந்த பேர் முழுசு, அரை என்று இரண்டு வகை. அன்றிலிருந்து படுக்கையில் கிடந்தபடி கணக்குப் பார்த்திருக்கிறாள். நாற்பத்தாறு வயதில் வந்தவள். வந்த கொஞ்ச நாளில் நோய். பாதி ஞாயிறு ஆஸ்பத்திரியில் கழிந்தது. உபவாச ஜெபத்துக்கு ஒரு தடவைகூடப் போகவில்லை. எப்படிக் கூட்டினாலும் கிலோ வரவில்லை.

நான் சிரித்த மறுநாள் பாஸ்டர் வார்டுக்கு வந்தார். மதினி சொல்லி அனுப்பியிருந்தாள். திராட்சைத் தோட்டத்துக் கதையைச் சொன்னார். ஒரு முதலாளி காலையில் வந்தவனுக்கும், பொழுது சாய வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்தாராம். அக்கா மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்படிக் குடுத்தா மத்த ஆளுக சும்மா இருப்பாங்களா ஐயா?" என்றாள்.

பாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அந்தக் கதையிலயும் சும்மா இருக்கலம்மா. சண்டைக்குத்தான் வந்தாங்க" என்றார்.

அக்காவும் சிரித்தாள். அவர் ஜெபம் பண்ணும்போது கண்ணை மூடிக்கொண்டாள். அவர் படியிறங்கியதும் என்னைப் பார்த்து, "ஐயா நல்லவருதான். ஆனா அவரு மலையில நின்னதில்லடி" என்றாள்.

அவளுக்குச் சாவதில் பயமில்லை. அதை என்னால் சத்தியம் பண்ண முடியும். வலியைக்கூடப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். செத்துப் போய் அங்கே நிற்கும்போது தராசில் ஏறி, குறைந்து, எல்லாருக்கும் முன்னால் பாதி ஆளாக நிற்க வேண்டி வருமோ என்பதுதான் அவள் பயம். இங்கே பட்ட வெட்கம் அங்கேயும் பின்னால் வருமோ என்று நினைத்தாள். எனக்கோ அவள் சாமி மேல் நம்பிக்கை இல்லை. இந்தப் பயத்தோடு அவள் போய்விடக் கூடாது என்பது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் போனபோது அக்கா மயக்கமும் தூக்கமுமாகக் கிடந்தாள். மருந்தின் வேகம். ஆனால் விரல்கள் சும்மா இருக்கவில்லை. கொழுந்து எடுப்பதுபோலப் போர்வையைக் கிள்ளிக்கொண்டிருந்தன, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக. நான் கட்டிலை ஒட்டி ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் கை நிறைந்துவிட்டதுபோல மூடியது. அப்படியே பக்கவாட்டில் நீண்டு வந்து, என் மடியில் திறந்தது. ஒன்றும் விழவில்லை. திரும்பவும் போர்வைக்குப் போனது. திரும்பவும் என் மடிக்கு வந்தது.

அந்தக் கையை எனக்குத் தெரியும்.

பள்ளிக்கூடத்துச் சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் கோட்டைவிட்டு, கடை வேலை கிடைக்கும்வரை ஆறு மாதம் நானும் அக்காவோடு மலைக்குப் போனேன். கொழுந்து எடுப்பதில் என்னைப் போன்ற சோம்பேறியை அந்தத் தோட்டம் கண்டதில்லை. காலையில் அக்கா எனக்கு முன்னால் ஓடிப்போய், தன் பக்கத்து நெறையை எனக்காகப் பிடித்து வைத்திருப்பாள். நெறை என்பது ஒவ்வொருத்திக்கும் உரிய தேயிலை வரிசை. பக்கத்து நெறையில் இருந்தால்தான் கைக்கு எட்டும். கங்காணி திரும்புகிற நேரம் பார்த்து, தன் கையிலிருக்கும் கொழுந்தை அப்படியே என் கூடையில் போட்டுவிடுவாள். முகம் திரும்பாது. கை மட்டும் வந்து போகும். நோயாளிக்கும் பிள்ளைத்தாச்சிக்கும் மற்ற பெண்கள் இப்படிப் போடுவது வழக்கம்தான். எனக்கு எந்த நோயும் இல்லை. நான் அவள் தங்கச்சி, அவ்வளவுதான்.

அவள் கண் விழிக்கும்வரை காத்திருந்தேன். தண்ணீர் கொடுத்தேன். பிறகு கேட்டேன்.

"அக்கா, நான் மலைக்கு வந்தேனே ஆறு மாசம். ஒரு நாளாச்சும் எனக்கு அரைப் பேரு விழுந்துச்சா?"

யோசித்தாள். "இல்லயே."

"நான் அவ்வளவு கொழுந்தா எடுத்தேன்?"

"நீயா?" அந்த நிலையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. "நீ எடுத்தது ஆட்டுக்குட்டிக்குக்கூடப் பத்தாது."

"அப்பறம் எப்படி முழுப் பேரு?"

"நான் போட்டேன்ல."

"நீ ஒரு கூலிக்காரி. நீயே ஒன் தங்கச்சிக்கு அள்ளிப் போட்டா, ஒங்க சாமி ஒனக்குப் போட மாட்டாரா? ஒன் கொழுந்த வச்சா அவரு நிறுக்கப் போறாரு? அவரு எடுத்தத ஒன் கூடையில போட்டுல்ல நிறுப்பாரு."

அக்கா என்னையே பார்த்தாள். பிறகு, மலையில் பழகிய பயத்தோடு, மெதுவாகக் கேட்டாள்.

"கணக்கப்பிள்ள கண்டுபுடிச்சுட்டா?"

"அங்க வேற கணக்கப்பிள்ள ஏது? நிறுக்கிறவரும் அவருதான், அள்ளிப் போடுறவரும் அவருதான்."

அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் போனது. நான் துடைக்கவில்லை, அவளும் துடைக்கவில்லை. "முழுப் பேரு" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை, பெரட்டில் பேரைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் நம்பிச் சொல்லவில்லை. அழுகிற குழந்தைக்கு நிலாவைக் காட்டுகிற மாதிரித்தான் சொன்னேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அது அவளுக்குப் பொருந்திப் போனது. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து வரும்போது, சாகக் கிடக்கிறவளிடம் பொய் சொல்லிவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

இனி வீட்டுக்குக் கூட்டிப் போவதுதான் நல்லது என்றார் டாக்டர். கொண்டுபோனோம். ஒன்பது நாள் இருந்தாள். அந்த ஒன்பது நாளும் அவள் முகத்தில் பயத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க வந்த ஒவ்வொருத்தியிடமும், "எனக்கு முழுப் பேருடி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பெண்களுக்கு அது உடனே விளங்கியது. யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு நாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்குப் பயமில்ல. நீதான் பயந்துபோய் கெடக்குற. நீ சொன்னத நீயே மறந்துட்டியா?" என்று கேட்டாள். வாயாடி என்று பேரெடுத்தவள், கஞ்சியைச் சுடவைக்க எழுந்து போனேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணி இருக்கும். எல்லோரும் மலைக்குப் போயிருந்தார்கள், லயம் அமைதியாகக் கிடந்தது. கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது அக்காவுக்கு மூச்சு இல்லை. அவளுடைய வலது கை மட்டும் கட்டிலுக்கு வெளியே என் பக்கமாக நீண்டிருந்தது.

மறுநாள் பின்னேரம் தோட்டத்து மயானத்துக்குக் கொண்டுபோனோம். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. கொழுந்து நிறுத்துவிட்டு, பெண்கள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல், கையில் கறையோடு அப்படியே வந்து நின்றார்கள். பாஸ்டர் சுருக்கமாக ஜெபம் பண்ணினார். குழிக்குள் பெட்டியை இறக்கினார்கள். முதல் பிடி மண் நான்தான் போட வேண்டும் என்றார்கள். குனிந்து எடுத்தேன். ஆனால் கை திறக்கவில்லை. நான் சொன்னது பொய்யாக இருந்தால், பொய்யை நம்பிக்கொண்டு என் அக்கா இந்தக் குழிக்குள் போகிறாள் என்று தோன்றியது. அப்படியே நின்றுவிட்டேன்.

மதினி என்னைத் தள்ளவில்லை, தேற்றவும் இல்லை. என்னைத் தாண்டிப் போய் ஒரு பிடி மண்ணை எடுத்தாள். முகத்தைத் திருப்பாமல், கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டிப் போட்டாள். அடுத்தவளும் அப்படியே போட்டாள். அதற்கடுத்தவளும். இத்தனை வருஷம் ஒருத்தி கூடைக்கு ஒருத்தி கொழுந்து போட்ட அதே கைகள். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே நின்றேன். கூலிக்காரிகளிடமே இவ்வளவு இரக்கம் இருந்தால், இவர்களைப் படைத்தவரிடம் இல்லாமலா போகும்? ஆஸ்பத்திரியில் என் வாய் சொன்னதுதான். அன்றைக்கு அந்தக் குழிக்கு முன்னால்தான் என் காதில் விழுந்தது.

அதன் பிறகு நானும் ஜெப வீட்டுக்குப் போகத் தொடங்கினேன். இன்றைக்கும் கடைசி நாற்காலியில்தான் உட்காருகிறேன். பாட்டு வராது, பாதி ஜெபத்தில் அழுகை வந்துவிடும். அவள் இல்லாத காம்பராவைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டியிருக்கிறது. துக்கம் ஒரு துளியும் குறையவில்லை. பயம் மட்டும் போய்விட்டது, அது போன நாள் அந்த நாள்தான்.

அன்றைக்குக் குழிக்கு, பெண்கள் எல்லோரும் போட்டு முடித்த பிறகு நான் கடைசியாகப் போனேன். ஆறு மாதம் அவள் என் கூடையில் போட்டாள். அவளுக்கு நான் போட்டது அந்த ஒரு பிடி மண்தான். போட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கிறவளிடம் சொல்வதுபோலச் சொன்னேன்.

"அக்கா, பக்கத்து நெறைய எனக்குப் புடிச்சு வையி."