பச்சை முகம்

துலூத் நகரத்து ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்பும் துண்டும் அங்கியும் எங்கள் சலவைக்கூடத்துக்குத்தான் வரும். அங்கே மேற்பார்வையாளர் வெர்னா லிண்ட்குவிஸ்ட். அவள் அப்பா துறைமுகத்தில் கப்பலுக்கு இரும்புத்தாது ஏற்றியவர். பள்ளி முடித்த கோடையில் துண்டு மடிக்க வந்த வெர்னா, மடித்து மடித்தே மேற்பார்வைக்கு உயர்ந்தாள். நடுவில் ஒரு கல்யாணம் ஆகி முறிந்தது. அதைப் பற்றிக் கேட்டாலும் மோசமில்லை என்றுதான் சொல்வாள்.

எங்கள் ஊர்ப் பேச்சே அப்படி. கால் முறிந்து கட்டிலில் கிடப்பவனைக் கேட்டாலும், இதைவிட மோசமாக ஆகியிருக்கலாம் என்பான். வாய்விட்டுக் குறை சொல்வது விருந்துக்குப் போன வீட்டில் உப்பில்லை என்று சொல்வது மாதிரி. செத்தாலும் செய்யமாட்டோம்.

அதனால் வேலையாட்களின் மனதை அறிய வெர்னா தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தாள். காலையில் ஜன்னல் வழியாகக் கார்கள் நிற்கும் இடத்தைப் பார்ப்பாள். வந்ததும் இறங்கி வருகிறவனைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. வந்தும் இறங்காமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மணியடிக்கும்வரை உட்கார்ந்திருப்பவன் சீக்கிரம் வேலையை விட்டுவிடுவான். ஒருநாள் இஸ்திரி உருளைக்குப் பக்கத்தில் நின்று இதை என்னிடம் சொன்னாள். அந்தக் குளிர்காலத்தில் அப்படி உட்கார்ந்திருந்தவன் ஆர்லன் மாக்கி.

ஆர்லன் அழுக்கு மேசைக்காரன். மூட்டையை அவிழ்த்து ரத்தம், வாந்தி, எவரோ மறந்து சுருட்டிவிட்ட ஊசி எல்லாவற்றையும் பிரித்துப் போடவேண்டும். இரண்டு பேர் செய்த வேலை அது. கூட இருந்தவர் ஓய்வு பெற்றபின் அந்த இடத்தை நிரப்பவில்லை. ஆர்லனுக்கு விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. அவனுக்குத் துணையாக இன்னொரு ஆள் வேண்டுமென்று வெர்னா தலைமை அலுவலகத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஆள் வராவிட்டால் அவனும் போய்விடுவான் என்று அவளுக்குத் தெரியும்.

ஆளுக்குப் பதில் ஒரு பெட்டி வந்தது. மினியாபோலிஸ் தலைமை அலுவலகத்திலிருந்து ப்ரெண்ட் என்கிற அதிகாரி வந்து வெளிவாசலுக்குப் பக்கத்தில் அதை மாட்டினார். அதில் நான்கு முகங்கள். பச்சை முகம் சிரிக்கும், சிவப்பு முகம் முறைக்கும். போகும்போது மனதில் உள்ளதை அமுக்கிவிட்டுப் போகவேண்டும். வெர்னா இன்னொரு ஆளைப் பற்றிக் கேட்டதற்கு, அதை இந்த முகங்களே சொல்லட்டும் என்றார்.

நாங்கள் எல்லோரும் பச்சையை அமுக்கினோம். சிவப்பை அமுக்கினால் வெர்னாவைத்தான் குடைவார்கள். எங்களுக்கு வெர்னாவைப் பிடிக்கும்.

குளிர்காலம் முடிவதற்குள் ப்ரெண்ட் ஒரு கேக்கோடு வந்தார். மேலே பச்சை முகம். கம்பெனியின் எல்லாச் சலவைக்கூடங்களிலும் எங்கள் ஆட்களுக்குத்தான் நிறைவு அதிகமாம். ஆகவே புது ஆட்கள் சிவப்பு அமுக்கிய இடத்துக்குப் போகிறார்களாம். எங்களைக் கை தட்டச் சொன்னார். தட்டினோம். வெர்னா கையில் காகிதத் தட்டோடு நின்றாள். சாப்பிடவில்லை.

அவர் போனபின் அவள் சொன்னாள்: "நாளையிலேருந்து சிவப்ப அமுக்குங்க. எனக்காக."

நாங்கள் அவரவர் பூட்ஸைப் பார்த்தோம்.

"அமுக்கினா உன்னையில்ல கூப்பிட்டுக் கேப்பாங்க," என்றான் ஆர்லன்.

"கேக்கட்டும். கேக்கணும்னுதான்ப்பா நானும் சொல்றேன்."

மறுநாள் சாயங்காலமும் பச்சைதான். ஆர்லனுக்கு விரலில் உணர்வில்லை. விரல் முட்டியால் குத்தினான், அவனும் பச்சையைத்தான். எனக்கு எரிச்சலாக வந்தது. நானும் பச்சைதான் அமுக்கினேன்.

மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவை எடுக்கத் திரும்பி வந்தபோது வெர்னா பெட்டிக்கு முன்னால் நிற்பதைப் பார்த்தேன். ஒவ்வொரு பெயராகச் சொல்லிச் சிவப்பை அமுக்கிக்கொண்டிருந்தாள். ஆர்லன் பெயரைச் சொன்னாள். பிறகு என் பெயரைச் சொன்னாள். டப்பாவை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

தலைமை அலுவலகம் ஒரு பழுதுபார்ப்பவரை அனுப்பியது. சிவப்புப் பொத்தான் சிக்கிக்கொண்டதாக முடிவு கட்டியிருந்தார்கள். அவர் பெட்டியைத் திறந்து துடைத்து, அமுக்கிப் பார்த்து, மூடினார்.

"சரியாயிடுச்சும்மா. வேற எதாவது குறை இருக்கா?"

"குறை ஒண்ணுமில்ல," என்றாள் வெர்னா. பழக்கம், வாய் முந்திக்கொண்டது. தான் சொன்னது தன் காதில் விழுந்ததும் அவள் முகம் வெளிறிப்போனது. அதற்குள் அவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை ஆர்லன் வேலையை விட்டான். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அவன் மனைவி செய்து கொடுத்த இனிப்புத் துண்டுகளை எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, பார்ப்போம் என்று போனான். திங்கட்கிழமை அழுக்கு மேசைக்கு என்னைப் போட்டார்கள்.

முதலில் நாற்றம் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை. வீட்டில் சூப் குடித்தாலும் ருசியில்லை. ஒருநாள் காலையில் காரை நிறுத்தினேன், இறங்கவில்லை. எதையும் யோசிக்கவும் இல்லை, கை ஸ்டியரிங்கிலேயே இருந்தது.

பக்கத்துக் கதவு திறந்தது. கோட்டுகூடப் போடாமல் அந்தப் பனியில் வந்து வெர்னா உள்ளே உட்கார்ந்தாள்.

"எப்படியிருக்கே?" என்றாள்.

மோசமில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "உள்ள வரவே பிடிக்கல வெர்னா," என்று வந்துவிட்டது.

அவள் கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். "எனக்குந்தான்," என்றாள்.

மணியடித்தது. இருவரும் இறங்கிப் போனோம். அவள் அலுவலக அறைக்குத் திரும்பவில்லை. என் மேசைக்கு எதிர்ப்பக்கம் வந்து, ஆர்லன் விட்டுப்போன கையுறைகளை மாட்டிக்கொண்டு முதல் மூட்டையை அவிழ்த்தாள். அவள் அறையில் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. அவள் போய் எடுக்கவில்லை.