ஏரோப்ளேன் கொல்லையிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு மரக்கட்டை

போன மாசி மாதம், வாலிபால் நெட் இரண்டும் பந்து ஒரு மூட்டையுமாக இலங்கை மலையகத்துக்குப் போய்வந்தோம். நாங்கள் என்றால் ஒரு காலத்தில் ஒரே வாலிபால் டீமில் ஆடிய மூன்று பெண்கள். மூவருக்கும் ஐம்பத்தைந்து தாண்டிவிட்டது. ஒருத்திக்கு முட்டிவலி, ஒருத்திக்குச் சர்க்கரை, ஒருத்திக்கு வாய். அந்த வாய் நான்தான், பெயர் விஜயா. "நாங்களும் இப்படிப் போய் ஏதாவது செய்யணும், எப்படிப் போறது?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள், அதற்காகத்தான் இந்தப் பதிவு. ஆனால் எங்கள் பயணம் தொடங்கியது திருவண்ணாமலையில், ஒரு மரக்கட்டையில். அதை விட்டுவிட்டு எழுதினால் எங்கள் கேப்டன் மல்லிகா என்னைச் சும்மா விடமாட்டாள்.

முதலில் ஏன் போனோம் என்று சொல்லிவிடுகிறேன். அங்கே ஒரு தோட்டப் பள்ளியின் மைதானம் மண்சரிவில் போய்விட்டது. வேறு இடத்தைச் சமன் செய்து கொடுத்திருந்தார்கள், ஆனால் விளையாட ஒன்றும் இல்லை. எங்கள் ஜெயமாலா ஓய்வுபெற்ற பி.டி. டீச்சர். ஒரு வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பள்ளியின் டீச்சர் அவளுக்குப் பழக்கம். புத்தகப் பை வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, "பை நிறைய வந்துட்டுது. பிள்ளைகளோட விளையாடத்தான் ஒருத்தரும் வரயில்ல" என்று பதில் வந்தது. மல்லிகா சர்வீஸ் போடும் வீடியோ ஒன்றை ஜெயமாலா அனுப்பிவைத்தாள். அன்றிலிருந்து பிள்ளைகள் இந்த அம்மா வருவாங்களா என்று தினமும் கேட்கிறார்களாம். மல்லிகா யோசிக்கவே இல்லை. "வரேன் கண்ணுங்களா, கண்டிப்பா வரேன்" என்று குரல் செய்தி அனுப்பிவிட்டாள்.

நான் இருப்பது தாம்பரம், விமான நிலையத்துக்குப் பக்கம். நீ எதுக்கும்மா திருவண்ணாமலைக்குப் போய்த் திரும்பி வர்றே என்று என் மகன் கேட்டான். எங்கள் டீம் வெளியூர் ஆடப் போனால் ஊரிலிருந்துதான் கிளம்பும். இதெல்லாம் இவனுக்கு எங்கே புரியப்போகிறது. புறப்படுவதற்கு முந்தின நாள் காலை ஏழு மணிக்குக் கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினேன். திண்டிவனம், செஞ்சி வழி, கிட்டத்தட்ட இருநூறு கிலோமீட்டர், நாலரை மணி நேரம். கீழ்பென்னாத்தூர் வந்ததும் மலை தெரிந்தது. பஸ்ஸில் பாதிப்பேர் கையெடுத்துக் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன்.

இறங்கியதும் ஆட்டோ பிடித்து, "ஏரோப்ளேன் கொல்லைக்குப் போங்க" என்றேன்.

"அப்டி ஒரு இடமே இல்லியேம்மா" என்றார் டிரைவர்.

"வேங்கிக்கால்ல, கலெக்டர் ஆபீஸ் தாண்டி."

"அதுவா, அதெல்லாம் பிளாட்டு போட்டு வீடு கட்டி எவ்ளோ நாளாவுது. நூத்தம்பது குடுங்க."

கொடுத்துப் போனேன். நாங்கள் நெட் கட்டி ஆடிய இடத்தில் இப்போது மூன்று மாடி வீடு நிற்கிறது. வாசலில் கார், மாடியில் காயும் துணி. ஒரு அம்மா பால்கனியிலிருந்து என்ன வேணும் என்று கேட்டார். ஒண்ணுமில்லைங்க, சும்மா பார்த்தேன் என்றேன்.

அந்தக் கொல்லைக்கு ஏன் அந்தப் பெயர் என்றால், ஏரோப்ளேன் என்பதே புதுசாக இருந்த காலத்தில் அங்கே ஒன்று இறங்கியதாம். இரண்டு அடுக்கு இறக்கை, துணி போர்த்திய உடம்பு, உள்ளே ஒரு வெள்ளைக்காரன். எண்ணெய் தீர்ந்துபோய் இறக்கினானோ, வழி தெரியாமல் இறக்கினானோ, வீட்டுக்கு வீடு கதை மாறும். எல்லாக் கதையிலும் மாறாதது ஒன்று உண்டு. சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. நம் ஊர்க்காரர்களுக்குச் சக்கரம் புதைந்தால் என்ன செய்வது என்று யாராவது சொல்லிக்கொடுக்கவேண்டுமா? வடத்தைக் கொண்டுவந்து கட்டி, தேர் இழுக்கிற மாதிரி இழுத்து மேட்டில் ஏற்றினார்களாம். தேர்ச் சக்கரத்தின் கீழே முட்டுக்கட்டை போட்டு நிறுத்தும் குடும்பம் மல்லிகாவினுடையது. அவளுடைய கொள்ளுத்தாத்தா, ஏரோப்ளேன் சக்கரத்துக்கும் கட்டை போட்டார். தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டினார்கள். இயந்திரம் முழுச் சத்தம் எடுக்கும்வரை கட்டை அப்படியே இருந்தது. வெள்ளைக்காரன் கை காட்டினான், இவர் கயிற்றைப் பிடித்துக் கட்டையை இழுத்தார், அது பறந்துபோனது. இவர் புழுதியில் உருண்டார். ஊர்ப் பெருமையில் பாதி உண்மை இருந்தாலே அதிகம் என்பது என் எண்ணம், ஆனால் இதை நான் மல்லிகா எதிரில் சொன்னதில்லை.

அந்தக் கட்டைதான் எங்கள் டீமின் சொத்து. தேர்க் கட்டையைவிடச் சின்னது, ஒரு சாண் நீளம், ஆப்பு மாதிரி சரிவு, ஓரத்தில் கயிறு. வெளியூர் போகும்போது பஸ் சக்கரத்துக்கு அடியில் அதை வைப்போம். எல்லாரும் தொட்டுக் கும்பிட்டு ஏறுவோம். கேப்டன் மல்லிகா கட்டையை இழுத்து, "கட்டை எடுத்தாச்சு" என்பாள். நாங்கள் "போலாம்" என்போம். வண்டி நகர ஆரம்பித்ததும் அவள் கடைசியாகத் தொற்றி ஏறுவாள். ஜெர்சியில் ஜெயமாலா ஏரோப்ளேன் படம் தைத்திருந்தாள். பெண்கள் பேண்ட் போட்டு ஆடுவதற்கே தெருவில் பேச்சு எழுந்த காலம் அது. "பேர்லதான் ஏரோப்ளேன், போறது டவுன் பஸ்ல" என்று பையன்கள் கத்துவார்கள். வேலூர் டீமை அவர்கள் ஊரிலேயே தோற்கடித்துவிட்டு வந்த அன்று ஒருத்தனும் கத்தவில்லை. என்ன இருந்தாலும் வேலூரைத் தாண்டி எங்களை யாரும் அனுப்பவில்லை. எங்களில் ஒருத்திகூட ஏரோப்ளேனில் ஏறினதில்லை.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மல்லிகாவின் கடை. வெளிநாட்டுக்காரர்களுக்கு ஸ்கூட்டர் வாடகைக்கு விடுகிறாள். உலகத்தின் எந்த மூலையிலிருந்து ஒருத்தர் வந்தாலும் சாவியைக் கொடுக்கும் முன் அவள் கேட்பது ஒரே கேள்வி: "பிளேன், நோ பயம்?" அவர்கள் சிரித்துவிட்டுப் போவார்கள். விளையாட்டுக்குக் கேட்கிறாள் என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

நான் போய் உட்கார்ந்ததுமே, "விஜி, நான் வரலடி" என்றாள்.

"ஏன்?"

"கடைய யாரு பாக்கறது?"

"உன் மருமவன்தான் பாக்கறேன்னு சொல்லிட்டானே."

"முட்டி வலிக்குது."

"நேத்து ஃபோன்ல கம்மியாயிடுச்சின்னு சொன்ன."

ஸ்கூட்டர் கண்ணாடியை ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தாள். "பயமா இருக்குதுடி. தேருன்னா கட்டை போட்டா நிக்கும். மேல போனப்புறம் அதுக்கு எங்க போடுவாங்க கட்டை?"

 அவள் கையிலிருந்த துணியை வாங்கி நான் கண்ணாடியைத் துடைத்தேன்.

"அந்தப் புள்ளைங்களுக்கு வேற வரேன்னு சொல்லிட்டேன். நெனைச்சா சோறு எறங்கல" என்றாள். கண் கலங்கியிருந்தது. கேப்டன் அழுது நான் பார்த்ததே கிடையாது.

மறுநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு வேன். பகல் விமானமாகப் பார்த்துப் போட்டதற்குக் காரணம் ஜெயமாலா. போளூர்ப் பக்கத்துச் சமண நயினார் வீட்டுப் பெண், பொழுது சாய்ந்தால் சாப்பாட்டைத் தொடமாட்டாள். பழைய டீம் பெண்கள் நாலைந்து பேர் வழியனுப்ப வந்திருந்தார்கள். மல்லிகாவும் வந்தாள், வீட்டுப் புடவையில், பையில்லாமல், கையில் கட்டையோடு.

"கட்டை எடுக்கத்தான் வந்தேன். நீங்க போயிட்டு வாங்க" என்றாள்.

நான் கோபத்தில் ஏதோ சொல்லப் போனேன், ஜெயமாலா என் கையைக் கிள்ளினாள். மல்லிகா பின்சக்கரத்தில் கட்டையை வைத்தாள். தொட்டுக் கும்பிட்டு ஏறினோம். இழுத்தாள். "கட்டை எடுத்தாச்சு" என்றாள். "போலாம்" என்றோம். டிரைவர் ரஃபி வண்டியை எடுத்தார். மல்லிகா இரண்டு எட்டு ஓடி, தொற்றி ஏறி, கதவைச் சாத்தி உட்கார்ந்தாள். அப்புறம்தான் தான் என்ன செய்தோம் என்று அவளுக்கே உறைத்தது.

"ரஃபி, நிறுத்துப்பா."

"இங்க வண்டிங்க ஜாஸ்திக்கா. செஞ்சி வரட்டும்" என்றார் ரஃபி. அந்த நேரத்தில் ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை.

செஞ்சியில் டீ குடித்தோம். இப்படியே பஸ் ஏறி ஊருக்குத் திரும்புவதாகச் சொன்னவள், டீயைக் குடித்துவிட்டு வேனில் ஏறி உட்கார்ந்தாள். "ஏர்போர்ட் வரைக்கும் வரேன். வழியனுப்ப" என்றாள். விமான நிலைய வாசலில் ஜெயமாலா பின் சீட்டுக்கு அடியிலிருந்து மல்லிகாவின் பையை எடுத்துக் கொடுத்தாள், பாஸ்போர்ட்டோடு. மருமகன் முந்தின நாளே கொடுத்துவிட்டானாம். மல்லிகா எங்கள் இருவரையும் ஒரு பார்வை பார்த்தாள். திட்டவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை. கட்டையைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பினோம். கவுண்டரில் இருந்த பெண் அது என்ன என்று கேட்டாள், தேர்க்கட்டை என்றோம், எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சீட்டு ஒட்டினாள்.

விமானத்தில் மல்லிகாவுக்கு ஜன்னல் சீட்டு. கதவைச் சாத்தியதும் என் மணிக்கட்டைப் பிடித்தாள். சர்வீஸ் போடுகிற கை, எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது. "விஜி, தொறக்கச் சொல்லுடி. நான் எறங்கிடறேன்" என்றாள். பெல்ட்டைக் கழற்றிவிட்டாள். பணிப்பெண் எங்களை நோக்கி வர ஆரம்பித்தாள். முடிந்தது கதை என்று நினைத்தேன்.

மல்லிகா சட்டென்று ஜன்னலில் முகத்தை ஒட்டினாள். பக்கத்தில் நின்ற இன்னொரு விமானத்தின் சக்கரத்தடியில் ஒரு ஆள் குனிந்துகொண்டிருந்தார். மஞ்சள் நிறத்தில் இரண்டு கட்டைகள், நடுவில் கயிறு. கயிற்றைப் பிடித்து இழுத்து எடுத்தார். தள்ளிப் போய் நின்று மேலே பார்த்துக் கை காட்டினார்.

"ஏய், கட்டை எடுக்கறான் பாருடி" என்றாள். "பாரு, சக்கரத்துக்கு நேரா நிக்காம பக்கவாட்டுல நின்னு எடுக்கறான். தெரிஞ்ச ஆளுதான்."

அவள் கொள்ளுத்தாத்தா கதையில் பாதியாவது உண்மை என்று அந்த நிமிஷம்தான் எனக்குப் பட்டது. புழுதியில் உருண்டவர் செய்ததை இன்றைக்கும் ஒருத்தர் செய்துகொண்டிருக்கிறார்.

"நம்மளுது?" என்று கேட்டாள்.

"நம்மளுதும் எடுத்திருப்பாங்க."

எங்கள் விமானம் மெல்லப் பின்னால் நகர்ந்தது. மல்லிகா பெல்ட்டை மாட்டினாள். கண்ணை இறுக மூடிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டில் கத்துகிற அதே குரலில், "கட்டை எடுத்தாச்சு" என்றாள். நானும் ஜெயமாலாவும் "போலாம்" என்றோம். முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் போகட்டும்.

கொழும்புக்கு ஒன்றரை மணி நேரம்கூட இல்லை. அங்கிருந்து மலைக்கு வேனில் ஆறு மணி நேரம். ஜெயமாலா கட்டிவந்த எலுமிச்சை சாதத்தை வெயில் இருக்கும்போதே வழியில் முடித்தோம். பள்ளியில் ஐந்து நாள். மைதானத்தின் ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, பந்து தாண்டினால் செடிகளுக்குள் இறங்கித் தேடவேண்டும். "வேகம் வேணாம், நேரா போடு" என்று மல்லிகா நாளெல்லாம் தொண்டை கிழியக் கத்தினாள். அவள் முட்டிவலி எங்கே போனதோ தெரியவில்லை. தர்ஷினி என்று ஒரு சுள்ளான் போன்ற பெண், "பிளேன்ல வர உங்களுக்குப் பயமில்லையா?" என்று அவளிடமே கேட்டாள்.

"பயம்தான். பயந்துகினே வந்துட்டேன்" என்றாள் மல்லிகா.

போக நினைப்பவர்களுக்குச் சொல்லவேண்டியதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். என்ன வேண்டும் என்று அவர்களைக் கேட்டுவிட்டு வாங்குங்கள், நீங்களாக முடிவு செய்யாதீர்கள். பொருள்கள் எதற்கு என்று பள்ளியிடமிருந்து ஒரு கடிதம் வாங்கிவைத்தால் சுங்கத்தில் நிற்கவேண்டியதில்லை. பந்தில் காற்றை இறக்கிவிடுங்கள், பம்பையும் ஊசியையும் கைப்பையில் வைக்காதீர்கள். விசா விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், டிக்கெட் போடும் முன் பாருங்கள். மாசி மாதம் மழை கம்மி, ஆனால் மாலையில் குளிரும், ஸ்வெட்டர் அவசியம். ஒரே நாளில் கொடுத்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு திரும்பாதீர்கள். நாலு நாளாவது இருங்கள்.

கிளம்பும் அன்று பள்ளி வாசல் சரிவில் வேன் நின்றது, சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டக்கொடுத்திருந்தார்கள். மல்லிகா கல்லை எடுத்துவிட்டுத் தன் கட்டையை வைத்தாள். பிள்ளைகள் எல்லாரும் தொட்டுக் கும்பிட்டார்கள். தர்ஷினியைக் கூப்பிட்டு, "நீ எடு. பக்கவாட்டுல நில்லு" என்றாள். அந்தப் பெண் இழுத்து, மலையே கேட்கும்படி "கட்டை எடுத்தாச்சு" என்றாள். கட்டையைத் திருப்பிக் கொடுக்க ஓடிவந்தவளிடம் மல்லிகா, "வெச்சிக்கோ. நீங்க வெளியூர் ஆடப் போறப்ப வேணும்ல" என்றுவிட்டாள்.

வேன் இரண்டு வளைவு இறங்கியது. எனக்குப் பொறுக்கமுடியவில்லை.

"உங்க கொள்ளுத்தாத்தா கட்டையக் குடுத்துட்டியேடி. ஏரோப்ளேனுக்குப் போட்ட கட்டை."

"அது செல்லரிச்சுப் போயி அடுப்புக்குப் போயிடுச்சாம். நான் பொறக்கறதுக்கு முன்னாடியே" என்றாள் மல்லிகா, ஜன்னலைப் பார்த்தபடி. "இது நாம ஆட ஆரம்பிச்சப்போ எங்கப்பா செஞ்சு குடுத்தது. சொன்னா நீங்க தொட்டுக் கும்பிட்டிருப்பீங்களா?"

ஜெயமாலா வாயைப் பிளந்தாள். இத்தனை வருஷம் அந்தக் கட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது எனக்கு நினைவுக்கு வந்தது. கோபம்தான் வந்திருக்கவேண்டும், ஏனோ அழுகை வந்தது.

"ஆனா இப்ப அது ஏரோப்ளேன்ல வந்துடுச்சில்ல" என்றாள் மல்லிகா. "இனிமே அந்தப் புள்ளைங்க ஏரோப்ளேன் கட்டைன்னு யார்கிட்ட சொன்னாலும் நெஜம்."