பவர் பேங்க் கடையில் கிடைத்த பெரியம்மா

இன்று கொடைக்கானலில் காற்று மழை, கரண்ட் இல்லை. மதுரை ஆஸ்பத்திரியில் தங்கைக்குப் பிரசவ வலி. என் போனில் சார்ஜ் தீரப்போகிறது என்று பவர் பேங்க் வாங்கப் போனேன்.

சிறியதா, டேப்லெட்டுக்கும் தாங்கும் பெரியதா என்று யோசிக்கும்போதே போன் அணைந்துவிட்டது. “தங்கச்சிக்குப் பிரசவ நேரம்!” என்று பதறினேன்.

மகளின் டேப்லெட்டுக்காகப் பெரியதை வாங்கியிருந்த கிளாவரை கிராமத்து அக்கா ஒருவர், தன் புதுப் பெட்டியைச் சட்டென்று பிரித்தார்.

“மொதல்ல இதுல சொருகுங்க தம்பி. வாங்குற சோலியப் பெறகு பாக்கலாம்.”

போன் உயிர்பெற்றதும் தங்கையின் கணவர் அழைத்தார்.

“மச்சான், பொண்ணு பெறந்திருக்கு! ரெண்டு பேரும் நல்லாருக்காங்க.”

நான் விஷயத்தைச் சொல்லி அழுதுவிட்டேன். அக்கா சிரித்தார்.

“அப்ப நான் பெரியம்மா ஆயிட்டேன்ல!”

நானும் பெரியதையே வாங்கினேன். அதற்குள் அவர் பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்.

கிளாவரைக்காரர்களே, எங்கள் பெரியம்மாவின் பெயர் யாருக்காவது தெரியுமா? பெயர் வைக்கும் விழாவுக்கு அழைக்க வேண்டும்.