ரிக் வண்டியில் வந்த சீர்

சாரதாமணி குமாரபாளையத்தில் துண்டுக்கு ஓரம் தைக்கிறவள். பவர்லூமில் நெய்து வரும் துண்டுகள் அவள் வீட்டு மிஷினுக்கு வந்துதான் கடைக்குப் போகும். பேச்சு குறைவு, அருவருப்பு அதிகம். எவனாவது தெருவில் காறித் துப்பினால் அன்று மதியம் அவளுக்குச் சோறு இறங்காது. பள்ளியில் என் பக்கத்து இடம் அவளுடையது. நான் கடல் தாண்டிப் போன பிறகும் போனில் பேச்சு விட்டுப்போகவில்லை.

அவள் மகள் ரஞ்சனி எட்டாவது படிக்கிறாள். வயசுக்கு வந்ததும் தாய்மாமன் சீர் வந்தது. மாமன் முருகானந்தம், சாரதாமணியின் தம்பி. திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி வைத்திருக்கிறான். மற்ற மாமன்கள் சீர்த்தட்டை வேனில் கொண்டுவருவார்கள். இவன் ரிக் லாரிக்கே மாலை போட்டு, மேலே தட்டுகளை அடுக்கி, செண்டை மேளத்தோடு தெருவில் விட்டான். தலைக்கு மேல் ட்ரோன் சுற்றியது. எல்லாவற்றையும் இன்ஸ்டாகிராமில் போட்டான்: பிள்ளையின் பெயர், பள்ளி, தெருமுனை பேனர். பிள்ளையின் இன்ஸ்டா கணக்கையும் அதோடு கோத்துவிட்டான். சீர் யாருக்கு என்று ஊருக்குத் தெரிய வேண்டுமாம்.

லாரியில் வந்த சீர் ஆயிற்றே, வீடியோ எங்கெங்கோ ஓடியது. இங்கே என்னோடு வேலை செய்கிற, தமிழே தெரியாத ஒருவர் அதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் காட்டினார். யாரோ எடுத்துத் தங்கள் பக்கத்தில் போட்டிருந்தார்கள். கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. இரண்டும் தெரிந்ததால் எதுவும் தப்பவில்லை. மஞ்சள் பூசி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு குழந்தையைப் பற்றி, தங்கள் குழந்தைகளின் படத்தையே முகப்பில் வைத்திருக்கும் ஆண்கள் எழுதியது. அதைத் திருப்பி எழுத எனக்குக் கை கூசுகிறது.

உடனே சாரதாமணியைக் கூப்பிட்டேன். நான் சொல்லி முடித்ததும் அவள் சொன்னாள்:

"பள்ளிக்கூடம் போவ மாட்டேங்கறா. வகுறு வலின்னா. நானும் ஓமத்தண்ணி வெச்சுக் குடுத்துட்டு இருந்தேன், பாரு."

அன்று மாலை சாரதாமணி மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "போனைப் புடுங்க மாட்டேன் சாமி. என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லு."

நாமக்கல்லில் காலேஜ் படிக்கிற அக்கா என்று சொல்லிக்கொண்டு யாரோ இன்ஸ்டாகிராமில் ரஞ்சனியோடு பழகியிருக்கிறார்கள். அப்புறம் தனியாக ஒரு போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். மாட்டேன் என்றதும், 'உன் பள்ளிக்கூடம் எனக்குத் தெரியும், வாசலில் வந்து நிற்பேன்' என்று மிரட்டல். ரஞ்சனி எதுவும் அனுப்பவில்லை. வீட்டில் சொன்னால் போனோடு படிப்பையும் நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து கிடந்திருக்கிறாள்.

வீடியோவை எடுக்கச் சொல்ல வேண்டும் என்றதும் சாரதாமணியின் கணவர் சுவாமிநாதன் பதறினார். "மாமன் சீரை அழிக்கச் சொல்லிட்டு, அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சுட்டு அவனூட்டு வாசப்படி மிதிக்கறது?"

அவள் திருச்செங்கோட்டுக்கு பஸ் ஏறினாள்.

"வாக்கா! எட்டு லட்சம் பேர் பாத்துட்டாங்க. வீடியோ பாத்துட்டே ஒரு பார்ட்டி போர் போடக் கூப்புட்டுட்டான்!" என்றான் முருகானந்தம்.

"அதை எடுத்துரு ஆனந்தா."

"என்ற மருமவளுக்கு நான் செஞ்ச சீரு. அதை அழிக்கறதும் தட்டைத் திருப்பி அனுப்பறதும் ஒண்ணுதான்."

"சரி, அழிக்காத. கீழ எழுதியிருக்கறதைப் படி. சத்தமா."

"அதையெல்லாம் யாருக்கா படிக்கறா? எத்தனைன்னு பாக்கறதோட சரி."

"படி."

காப்பி கொண்டுவந்த அவன் மனைவி ஜெயப்பிரியா அப்படியே நின்றாள். ஒன்றைப் படித்தான். இரண்டாவதில் பாதியில் வாய் மூடிக்கொண்டது.

"ஏன் நிறுத்திட்ட? பொண்டாட்டி கேக்கறாளேன்னா? என்ற புள்ள தனியா உக்காந்து இதைப் படிச்சிருக்கா."

அவன் வாசலுக்குப் போய் ரிக் வண்டிப் பக்கம் திரும்பி நின்றான். திரும்பி வந்தபோது வீடியோவை நீக்கியிருந்தான். அதன்பின் ரஞ்சனிக்கு வந்த மிரட்டலைச் சாரதாமணி காட்டினாள்.

"எவன்னு சொல்லுக்கா, லாரிய மேல ஏத்தறேன்!"

"உன்ற லாரி காமிச்ச பவுசு போதும். ஸ்டேஷனுக்கு வா. ஒரு மெசேஜைக்கூட அழிக்காம வெச்சிருக்கேன்."

புகார் கொடுத்தார்கள். பள்ளியிலும் சொல்லிவைத்தார்கள். ரஞ்சனி மறுபடி பள்ளிக்குப் போகிறாள். கேட் வரை அம்மா, திரும்புகையில் மாமன். மிரட்டியவன் யாரென்று இன்னும் தெரியவில்லை. போன வாரம்கூட அந்த வீடியோ வேறு யாரோ ஒருவரின் பக்கத்தில், வேறு பாட்டோடு என் கண்ணில் பட்டது. கீழே அதே இளிப்பு, அதே சாக்கடை. முருகானந்தத்துக்கு அனுப்பினேன். போர் போடப் போன இடத்தில், புழுதிக்கு நடுவே உட்கார்ந்து, இப்படி வரும் நகல்களை ஒவ்வொன்றாக இன்ஸ்டாகிராமில் புகார் செய்துகொண்டிருக்கிறான்.

நேற்று சாரதாமணி சொன்னாள்: "சீர்ல வந்த பட்டுச் சேலைய இவ தொடவே மாட்டேங்கறா. வெட்டி மிஷினுக்கு உறை தெச்சுட்டேன்."

"தம்பி பார்த்தானா?"

"பாத்தான். 'நல்லாருக்குக்கா'ன்னான். தலை மட்டும் நிமிரல."