ஒத்தப் பிள்ளைக்கு எதுக்கு உயில்?

சிந்தாமணி இறந்த காலையில் அவளுடைய அண்ணன் குருமூர்த்தி செய்த முதல் காரியம், பூலாம்பாடிக்குப் போன் போட்டதுதான். அங்கேதான் சிந்தாமணியின் புருஷன் இளையபெருமாள் இருபத்தாறு வருஷமாக வேறொருத்தியோடு குடும்பம் நடத்திக்கொண்டிருந்தான்.

“அந்தாளுக்கு எதுக்கு மாமா சொன்னீங்க?” என்று கேட்டாள் பூங்குழலி. சிந்தாமணிக்கு அவள் ஒரே மகள்.

“எப்படிப்பட்டவனா இருந்தாலும் தாலி கட்டுனவன் பாப்பா. அவன் கையால பொட்டு வச்சு, பூவும் மஞ்சளுமா அனுப்பிடுவோம். உங்கம்மாளுக்கு அந்தப் பாக்கியமாச்சும் கெடைக்கட்டும்.”

இளையபெருமாள் மூன்று பஸ் மாறி, மத்தியானம் சிந்தாமணியின் ஊரான மீன்சுருட்டிக்கு வந்து சேர்ந்தான். ஊர் கூடி நிற்க, சிந்தாமணியின் நெற்றியில் குங்குமம் வைத்தான். அழக்கூட அழுதான். மூன்று வயதில் விட்டுப்போன மகளைப் பார்த்து, “சாப்புட்டியா பாப்பா?” என்றான்.

சிந்தாமணி முந்திரிக்கொட்டை உடைத்துப் பிழைத்தவள். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் விரலைப் பொசுக்கும். சாம்பலைத் தொட்டுத் தொட்டுத்தான் உடைக்க வேண்டும். அப்படியும் தோல் உரியும். அந்த விரல்களை வைத்துத்தான் மகளை டிப்ளமோ படிக்கவைத்தாள். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் வேலைக்கு அனுப்பினாள். அறுபது சென்ட் முந்திரித்தோப்பும் வாங்கினாள்.

தோப்பைப் பதிவு செய்யப் போன அன்று ரேகை மெஷின் அவள் விரலை ஏற்கவில்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்தார்கள். “கையில ரேகையே இல்லையேம்மா” என்றார் அங்கிருந்தவர்.

“அதத்தான் சார் தோப்பா மாத்தியிருக்கேன்” என்றாள் சிந்தாமணி. ஆபீஸே சிரித்தது.

வாய் அப்படி. விவாகரத்து வாங்கச் சொன்னாலும் அந்த வாய்தான் முந்தும். “கோர்ட்டுக்குப் போயி அவன் மூஞ்சிய வேற பாக்கணுமா?” தாலியைக் கழற்றச் சொன்னால், தனியாக இருப்பவளுக்கு அது வேலி என்பாள்.

போன வருஷம் பொங்கலுக்கு வந்திருந்தபோது பூங்குழலி உயில் பேச்சை எடுத்தாள்.

“ஏண்டி, நாலு புள்ளை பெத்தவ எழுதுவா. ஒத்தப் புள்ளைக்கு எதுக்குடி உயிலு? நீ இருக்கையில தோப்பு பறந்தா போயிடும்? எமனுக்கு நானே ஏன் அட்ரஸ் குடுக்கணும்?”

பூங்குழலியும் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். ஆலையில் இரண்டாவது கருவி வைத்துப் பார்க்காமல் எந்த அளவையும் நம்பாதவள், வீட்டில் அம்மாவின் வாய்ச்சொல்லை நம்பினாள். மார்கழியில் மாரடைப்பு. ஐம்பத்திரண்டு வயது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இலை எடுத்ததும், இளையபெருமாள் குருமூர்த்தி பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“மச்சான், வாரிசு சான்றுல எம்பேரும் வரணும். தோப்புல சரிபாதி. நான் ஒண்ணும் அநியாயமா கேக்கல.”

“எலே, நீயெல்லாம் சோறுதான் திங்கிறியா?” குருமூர்த்தி எழுந்துவிட்டார். நாலு பேர் பிடித்து உட்காரவைத்தார்கள்.

பூங்குழலி கத்தவில்லை. மறுநாள் கிராம நிர்வாக அலுவலரைப் போய்ப் பார்த்தாள்.

“விவாகரத்து ஆவலன்னா அவரும் வாரிசுதாம்மா.”

“இருபத்தாறு வருஷம் சார். எனக்கு ஒரு பென்சில் வாங்கித் தந்ததில்ல.”

“அத எழுத இந்த ஃபாரத்துல எடமில்லையேம்மா.”

ஜெயங்கொண்டத்து வக்கீலும் அதையேதான் சொன்னார். அவள் சம்பாதித்த சொத்தானாலும், உயில் இல்லாமல் இறந்தால் புருஷனும் பிள்ளையும் சமம். விட்டுவிட்டு ஓடியவன் என்பதெல்லாம் கணக்கில் வராது.

“மாமா அந்தாளக் கூப்புடாம இருந்திருந்தா?”

“அப்பவும் பாதி அவருக்குத்தான். உங்க மாமாவக் கோச்சுக்காத. உங்கம்மா எழுதல. அவ்வளவுதான்.”

“எழுதியிருந்தா?”

“ஒரு வெள்ளத்தாள் போதும். முத்திரைத்தாள்கூட வேணாம். ரெண்டு சாட்சி முன்னாடி கையெழுத்து. பதிவு பண்ணா இன்னும் நல்லது. அந்தாளு பக்கத்துலயே வந்திருக்க முடியாது.” கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார். “உனக்குக் கல்யாணம் ஆயிருச்சா?”

“இல்ல.”

“அப்ப நீயும் எழுதிடு. அம்மாகிட்டேருந்து வந்த சொத்து; உனக்குப் புள்ளகுட்டி இல்லாம ஏதாச்சும் ஆச்சுன்னா, உம்பங்கும் அப்பா வழிக்குத்தான் போவும்.”

அந்தச் சட்டப்பிரிவைக் காட்டச் சொன்னாள். மூன்று முறை படித்தாள். அப்படித்தான் இருந்தது.

அன்று வீட்டுக்கு வந்து, மாலை போட்ட படத்தின் முன்னால் நின்று கத்தினாள். “வெரலப் பொசுக்கிப் பொசுக்கி அவனுக்கா பாதி வச்ச? அரை மணி நேரம்மா! அரை மணி நேரம் ஒக்காந்து எழுத முடியலையா ஒனக்கு? நான் கேட்டப்ப சிரிச்சியே!” தானும் சேர்ந்து சிரித்தது நினைவுக்கு வந்தது.

அடுத்த வாரம் லீவு போட்டுவிட்டு குருமூர்த்தியை வக்கீல் ஆபீசுக்குக் கூட்டிப்போனாள். உயில் தட்டச்சாகி மேசையில் இருந்தது. தோப்பில் அவள் பங்கு அம்பிகாவுக்கு. இருபது வருஷம் சிந்தாமணிக்கு எதிரே உட்கார்ந்து கொட்டை உடைத்தவள். சிந்தாமணி நெஞ்சைப் பிடித்து விழுந்த அன்று அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடியவள். வக்கீலும் குமாஸ்தாவும் குருமூர்த்தியும் பார்க்கப் பூங்குழலி கையெழுத்திட்டாள். முதல் சாட்சியாகக் குமாஸ்தா போட்டுவிட்டார். இரண்டாவது சாட்சிக்குப் பேனா குருமூர்த்தி முன்னால் வந்தது.

“முப்பது வயசு ஆவல. கல்யாணம் பண்ணப் போற பொண்ணு, இப்பப் போயி அபசகுனமா…”

“கல்யாணம் ஆனா கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதிக்கிறேன் மாமா. செத்தப்புறம் எழுத முடியாது.”

“ஊரு என்ன பேசும் பாப்பா?”

“அம்மா நெத்தியில அவன் பொட்டு வச்சப்ப ஊரு நல்லாத்தான் பேசுச்சு.”

குருமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டார். வேட்டியில் கையைத் துடைத்துவிட்டு, எழுத்து எழுத்தாகக் கையெழுத்துப் போட்டு, தாளை அவள் பக்கம் தள்ளினார்.

அவள் படித்துப் பார்த்து அவர் பக்கமே திருப்பி வைத்தாள்.

“தேதி போடல மாமா. போடுங்க.”