மால்ட்பி முடிக்க விரும்பாத விமானம்

ஹார்ன்காசில் ஊரில் பாதிப் பேருக்கு க்ளிஃபர்ட் மால்ட்பியைப் பிடிக்காது. மீதிப் பாதிப் பேர் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் பரிசோதகராக இருந்த காலம் முழுக்கப் பக்கத்து சீட்டில் உம்மென்று உட்கார்ந்து, கண்ணாடி பார்க்கவில்லை, கைப்பிரேக் போடவில்லை என்று ஊர்ப் பிள்ளைகளை ஃபெயில் செய்து அனுப்பிய புண்ணியவான். பாதிரியார் மகளையே மூன்று தடவை அழ வைத்தவர். அப்பேர்ப்பட்ட மனிதர், ஓய்வு பெற்ற அன்று தன் மனைவிக்கு ஒரு வாக்குக் கொடுத்தார்.

"மேவிஸ், ஒரே ஒரு ப்ளேன். இதுவரைக்கும் செஞ்சதெல்லாம் பொம்மை. பெருசா ஒண்ணு செஞ்சு பறக்க விட்டுட்டா, அப்புறம் எனக்கு ஒண்ணும் வேணாம். வீட்டை வித்துட்டு எக்ஸிடர்ல ஹிலரி பக்கத்துலயே போயிடலாம்."

ஹிலரி அவர்களுடைய ஒரே மகள். இங்கிலாந்தின் இன்னொரு கோடியில் இருந்தாள், அப்போது வயிற்றில் பிள்ளை. மேவிஸ் சந்தோஷமாகத் தலையாட்டினாள். அந்தப் பிள்ளை பிறந்து, தவழ்ந்து, பள்ளிக்கூடம் சேர்ந்து, முன்பல் விழுந்து, இப்போது போனில் "பாட்டி, நீ எப்ப வருவே?" என்று பொக்கை வாயால் கேட்கிறது. விமானம் மட்டும் இன்னும் முடிந்தபாடில்லை.

ஹார்ன்காசில் இருக்கும் லின்கன்ஷயர் வட்டாரத்தில் மாதிரி விமானம் செய்கிற ஆம்பிளை ஒன்று ஸ்பிட்ஃபயர் செய்வான், இல்லாவிட்டால் லங்காஸ்டர் செய்வான். க்ளிஃபர்டுக்கு ஊரோடு ஒத்துப் போவது பிடிக்காத சமாச்சாரம். அவர் எடுத்தது டைஃபூன். தாடை தொங்கிப்போய் எருமை முகத்தோடு இருக்கும், இரண்டாம் உலகப் போர்க் காலத்துச் சண்டை விமானம். அசலில் மூன்றில் ஒரு பங்கு. கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும். செய்து பார்த்தால் தெரியும், இரண்டு இறக்கையையும் மாட்டினால் அவர்களுடைய காரைவிட நீளம். உடல் ஷெட்டில், ஓர் இறக்கை சாப்பாட்டு மேஜையில், இன்னொன்று மாடிப்படி ஓரத்தில். கிறிஸ்துமஸ் வான்கோழியைப் புருஷனும் பெண்டாட்டியும் டிவி முன்னால் மடியில் தட்டு வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

குறை சொல்லக்கூடாது, ஆரம்பத்தில் மனிதர் பேய் பிடித்தவர் மாதிரி உழைத்தார். ப்ளைவுட் அறுத்துச் சட்டம் போட்டு, அதன்மேல் மெல்லிய பால்சா மரத்தை ஒட்டி இழைத்தார். பிடித்துக்கொள்ள இரண்டு கை போதாத இடத்தில் எல்லாம் மேவிஸின் கை இருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தது முக்கால்வாசி அவள்தான். ஊரில் மற்ற பெண்கள் ஸ்வெட்டர் பின்னினார்கள், இவள் பெட்ரோல் டாங்குக்குக் குழாய் மாட்டினாள். கோபித்துக்கொண்டு செய்யவில்லை. இழைக்கிற வேலையில் அவளுக்கே ஒரு பிடித்தம் வந்திருந்தது.

முடியப் போகிற நேரம் வந்ததும்தான் க்ளிஃபர்டுக்கு அந்த வியாதி பிடித்தது. முதலில் ஆணி. அசல் விமானத்தின் தகரத்தில் ஆணித்தலைகள் தெரியுமாம். ஆகவே ஊசி போடுகிற சிரிஞ்சில் பசையை ஏற்றி, சொட்டுச் சொட்டாக உடம்பு முழுக்கப் போலி ஆணி வைத்தார். ஒரு குளிர்காலம் அதில் போயிற்று. அடுத்ததில் விமானி உட்காரும் இடத்தில் கைக்கடிகார அளவு மீட்டர்கள், அவற்றுக்கு முள், முள்ளுக்கு எண். பறக்கும்போது அதை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள், காக்காயா?

இதற்கெல்லாம் சாமரம் வீச ஓர் ஆள் கிடைத்தார். ரோட்னி லெகேட், மாதிரி விமானக் கிளப்பின் செயலாளர். அவர் கடைசியாக எப்போது ஒரு விமானத்தைச் செய்து முடித்தார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. ஆனால் அடுத்தவன் விமானத்தில் நொட்டை சொல்ல அவரை விட்டால் ஆளில்லை. போர்க்காலப் புகைப்படங்கள் போட்ட கனத்த புத்தகங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஷெட்டுக்கு வருவார். இறக்கைக்கு அடியில் க்ளிஃபர்ட் அழகாக அடித்திருந்த கறுப்பு வெள்ளைப் பட்டைகளை ஒரு நாள் குனிந்து பார்த்தார்.

"கோடு ரொம்ப நேரா இருக்குப்பா, க்ளிஃபர்டு."

"கோடுன்னா நேராத்தானே இருக்கும்?"

"அடப் போப்பா! போர்ல நார்மண்டி மேல படையெடுக்கறதுக்கு முன்னாடி அவசர அவசரமா கையில கெடைச்ச பிரஷ்ஷு, துடைப்பம்னு வச்சு அடிச்ச கோடு அது. தண்ணி போட்டவன் அடிச்ச மாதிரி இருக்கணும். இது என்னவோ கல்யாணக் கேக்கு மாதிரில்ல இருக்கு!"

வேறு யாராவது இருந்தால் அந்தப் புத்தகத்தாலேயே ரோட்னியை மொத்தியிருப்பார்கள். க்ளிஃபர்ட் முகத்திலோ சூரியன் உதித்தது. நொண்டிக் குதிரைக்குச் சறுக்கினது சாக்கு என்பார்களே, அந்த மாதிரி. பட்டைகளைச் சுரண்டி எடுத்தார். பிறகு புகைப்படத்தின்மேல் ஸ்கேலை வைத்து எந்தக் கோடு எங்கே எவ்வளவு கோணல் என்று அளந்து, மூன்றில் ஒரு பங்காக வகுத்து, அந்தக் கோணலை இம்மி பிசகாமல் வரைய ஆரம்பித்தார்.

டீ கொண்டுவந்த மேவிஸ் வாசலிலேயே நின்றாள். "கோணலா ஒரு கோடு போட ஸ்கேல் எதுக்கு க்ளிஃப்? துடைப்பத்தை என்கிட்ட குடு, டீ ஆறதுக்குள்ள முடிச்சுத் தரேன்."

"உனக்கு இதெல்லாம் புரியாது, மேவிஸ்."

அவளுக்கு எல்லாம் புரிந்திருந்தது. அவருக்குத்தான் அது தெரியவில்லை.

உண்மையைச் சொன்னால் க்ளிஃபர்டுக்குப் பயம். எக்ஸிடரில் பார்த்து வைத்த ஃபிளாட் மூன்றாவது மாடி, ஷெட் கிடையாது. இங்கே டைஃபூன் மால்ட்பி என்றால் கிளப்பில் ஒரு மரியாதை உண்டு. அங்கே போனால் பேரனின் பள்ளிக்கூடப் பையைத் தூக்கும் ஒரு கிழவன், அவ்வளவுதான். விமானம் பறந்தால் வீடு போகும். விமானம் பறக்காத வரை வாக்குத் தவறியவன் என்று யாரும் சொல்ல முடியாது, வேலை நடந்துகொண்டுதானே இருக்கிறது? ஊரையே ஃபெயில் செய்த மனிதர், தான் பரீட்சைக்கே போகாமல் ஒளிந்துகொண்டிருந்தார்.

மேவிஸ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஒரு நாள் அவளே போனை எடுத்து ஆய்வாளரை வரச் சொல்லிவிட்டாள். இத்தனை கனமான மாதிரி விமானத்தை நினைத்த மாத்திரத்தில் பறக்கவிட முடியாது. சங்கத்து ஆய்வாளர் வந்து அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். அவர் வந்தார், தட்டினார், இழுத்தார், இறக்கையிலும் வாலிலும் இருக்கும் மடல்களை எல்லாம் ஆட்டச் சொன்னார். "பிரமாதம்! இன்னும் ஏன் வீட்ல வச்சிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். க்ளிஃபர்டுக்கு அந்தப் பாராட்டு எட்டிக்காயாகக் கசந்தது.

ஆனாலும் ரோட்னி இருக்கப் பயமேன்? இறக்கைக்கு அடியில் மோட்டாரின் கை ஒன்று துருத்திக்கொண்டிருப்பதாகவும் அசலில் அப்படி இல்லை என்றும் அவர் கண்டுபிடித்தார். இறக்கை நுனியில் மேலும் கீழும் ஆடும் மடலை அசைப்பது அந்தக் குட்டி மோட்டார்தான். இரண்டு இறக்கையிலும் மோட்டாரைக் கழற்றி, திருப்பிப் போட்டு, கையை உள்ளே மறைத்தார் க்ளிஃபர்ட். நன்றாக இருந்ததைக் கெடுத்தது யார் என்று பின்னால் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ரோட்னியும் க்ளிஃபர்டும் தலையைக் குனிந்திருக்க வேண்டும்.

"ஞாயித்துக்கெழமை பறக்குது. கிளப்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன்" என்றாள் மேவிஸ்.

"இன்னும் டயர்ல சேறு படிஞ்ச மாதிரி பெயிண்ட் அடிக்கணுமே..."

"மைதானத்துல நெஜ சேறே இருக்கு. வேனை எடு."

மைதானம் என்பது போர்க்காலத்து விமானத்தளத்தில் மிச்சமிருக்கும் ஒரு கான்கிரீட் துண்டு. ஒரு பக்கம் சர்க்கரை எடுக்கும் பீட் கிழங்கு வயல், இன்னொரு பக்கம் பன்றிப் பண்ணை. கிளப்பே திரண்டு வந்திருந்தது, ஒவ்வொருவர் கையிலும் பேக்கன் வைத்த பன். டைஃபூனை மாட்டி நிறுத்தியதும் சுற்றி நின்று ஆணியை எண்ணினார்கள். வயிற்றுப் பக்கத்து நீலம் சரியான நீலமா என்று இரண்டு பேர் சண்டை போட்டார்கள். ஒருவர் குப்புறப் படுத்து, கோடுகளைப் பார்த்து, "அற்புதமான கோணல்" என்று உருகினார்.

எஞ்சின் உறுமியது. மேவிஸ், க்ளிஃபர்டின் பழைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, கான்கிரீட் ஓரத்து ஈரப் புல்லில் முழங்காலிட்டு வாலைப் பிடித்திருந்தாள். பறக்கும் முன் ஒரு சடங்கு உண்டு. ஓட்டுபவர் பின்னால் நின்று ரிமோட்டின் குச்சியைத் தள்ளி, எந்தப் பக்கம் என்று உரக்கச் சொல்ல வேண்டும். கிளப் சார்பில் ஒருவர் மடல்களைப் பார்த்து, சரியா தப்பா என்று சொல்ல வேண்டும். அன்றைக்குச் சாட்சி வேறு யார், ரோட்னிதான்.

"வலது!" என்று குச்சியைத் தள்ளினார் க்ளிஃபர்ட்.

"சரி!"

"இடது!"

"சரி! எல்லாம் ஆடுதுப்பா. ஆனா அந்த மூணாவது கோடு இன்னும் கொஞ்சம் நேராத்தான் இருக்கு."

ஆடியது வாஸ்தவம். ஆனால் வலப்பக்கம் சாய வேண்டுமென்றால் வலது மடல் மேலே எழ வேண்டும். அது கீழே இறங்கியிருந்தது. மோட்டாரைத் திருப்பிப் போட்டதில் மடல்கள் தலைகீழாக வேலை செய்தன. அத்தனை நிபுணர்கள் நின்றார்கள். ஆணி தெரிந்தது, நீலம் தெரிந்தது, மடல் எந்தப் பக்கம் போகிறது என்பது மட்டும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. பட்டது க்ளிஃபர்ட் கண்ணில். அடுத்தவன் தப்பைப் பார்த்தே சோறு தின்ற கண் அது.

கத்த வாயெடுத்தார். அடுத்த கணமே, சொல்ல வெட்கம், உள்ளே ஒரு குளுமை பரவியது. இப்படியே விட்டால் என்ன? மேலே எழும்பியதும் ஒரு பக்கம் சாயும், நிமிர்த்தப் பார்த்தால் இன்னும் சாயும், கிழங்கு வயலில் போய்க் குத்தும். பழி சாட்சி சொன்ன ரோட்னி தலையில். ஐயோ பாவம் என்று ஊரே தோளைத் தட்டும். திரும்பக் கட்ட எத்தனையோ வருஷம் ஆகும். எக்ஸிடர் என்ற பேச்சை இரக்கமுள்ளவர் யார் எடுப்பார்கள்?

"என்னப்பா நிக்கறே? கெளப்பு!" என்றார் ரோட்னி.

க்ளிஃபர்ட் மேவிஸைப் பார்த்தார். அவள் வாலைப் பிடித்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் சின்ன விமானங்கள் விழுந்தபோது, ஒரு வார்த்தை பேசாமல் குப்பைப் பையை எடுத்துக்கொண்டு அவரோடு வயலுக்குள் நடந்து, துண்டு துண்டாகப் பொறுக்கிக் கொடுத்தவள் அவள். இதற்கும் வருவாள். அந்த ஈர முழங்காலோடு கிழங்குக்கு நடுவே குனிந்து, தான் தேய்த்த மரத்தைத் தானே பொறுக்குவாள். அதை நினைத்ததும் க்ளிஃபர்டுக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

"எஞ்சினை நிறுத்தறேன்!" என்று கத்தினார். "மடல் தலைகீழா ஆடுது!"

கூட்டம் மொத்தமாகக் குனிந்து மடலைப் பார்த்தது. ரோட்னி பன்னைக் கையில் வைத்தபடி, "நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார். இதற்காக அவரை யாரும் அடிக்கவில்லை, ஆங்கிலேயர்கள் நாகரிகமானவர்கள்.

ரிமோட்டில் ஒரு பொத்தானை மாற்றினால் தீர்ந்தது. மறுபடி சரிபார்த்தார்கள், இந்தத் தடவை எல்லாரும் நிஜமாகவே பார்த்தார்கள். டைஃபூன் கான்கிரீட்டில் ஓடி, வாலைத் தூக்கி, பன்றிகள் சிதறி ஓட மேலே எழுந்தது. அந்த எருமை முகம் வானத்தில் அவ்வளவு அழகாக இருக்கும் என்று யார் கண்டார்? வட்டமடித்து அது தாழ்வாகக் கடந்தபோது கோணல் பட்டைகள் பளிச்சென்று தெரிந்தன. க்ளிஃபர்டுக்கு வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை, தரையிறங்கியதும் அவ்வளவு துக்கமும் வந்ததில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். முடிந்துவிட்டது.

எல்லாரும் போன பிறகு வேனில் உட்கார்ந்து இருவரும் ஃபிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டார்கள். மேவிஸ் ஈர முழங்காலைத் துண்டால் துடைத்தாள்.

"ரோட்னி சரின்னு சொன்னப்போ நான் வால் பக்கத்துலதானே இருந்தேன்" என்றாள்.

"ம்."

"மடல் தப்பா ஆடினதை நானும் பாத்தேன், க்ளிஃப்."

க்ளிஃபர்ட் டீயைக் கீழே வைத்தார். "பாத்தியா? அப்ப ஏன் சொல்லல?"

"உன் வாய்லேருந்து வருதான்னு பாத்தேன்."

"வரலேன்னா?"

"நானே கத்தியிருப்பேன். ப்ளேன் மேல எனக்கென்ன கோபம்? பாதி நான் தேச்சது." அவள் ஃபிளாஸ்க்கை மூடினாள். "ஆனா எக்ஸிடருக்கு நான் மட்டும் போயிருப்பேன்."

வயலில் காற்று அடித்துக்கொண்டிருந்தது. க்ளிஃபர்ட் வேனின் பின்னால் கிடந்த இறக்கையைத் திரும்பிப் பார்த்தார். "நாளைக்கு வீட்டுத் தரகருக்கு நானே போன் பண்றேன்" என்றார்.

"நேத்தே பண்ணிட்டேன்" என்றாள் மேவிஸ். "டீயைக் குடி, ஆறிப்போகுது."